காதலர் சீட்டு வராத மழைக்காலம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டக்கா தன் கணவரின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டுச் சட்டம் தெரியாது. வாரம் முழுக்க ஓட்டல் சலவைக்கூடத்தில் யார் யார் சட்டையையோ தேய்த்துத் தள்ளுகிறவள், கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்: "வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியத் தொடமாட்டேன். உங்க சட்டைய நீங்களே தேய்ச்சுக்குங்க." அவரும் அன்றிலிருந்து முணுமுணுக்காமல் தேய்த்துக்கொள்கிறார். காலர் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அவள் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவாள்.

இன்று சட்டத்தை மீறியதற்குக் காரணம் இருந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனிக்குத் தூரத்து ஊரில் பெரிய அடுக்குமாடி வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் அங்கேயே தங்கி, அத்தனை லிஃப்ட்டுக்கும் பொறுப்பாக இருந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று மேனேஜர் கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் அதை வீட்டில் வந்து சொன்னபோது, அவள், "உங்க இஷ்டம்" என்றாள்.

"என் இஷ்டம் என்ன இதுல? உன் இஷ்டம்தான்" என்றார் அவர்.

பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடியும். கூடத்து ஜன்னலில் தொங்கும் பச்சைத் திரைச்சீலையே அதற்குச் சாட்சி. அதை வாங்கிய அன்று அவளுக்குப் பிடிக்கவில்லை, அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவரும் அதையே அப்படியே திருப்பி நினைத்துக்கொண்டார். பாசி பிடித்த தொட்டி மாதிரி ஒரு நிறம் பல வருஷம் கூடத்தை இருட்டாக்கிக்கொண்டு கிடந்தது. கடைசியில் மகன்தான், "இந்தக் கண்றாவிய யார் வாங்கினது?" என்று கேட்டு உண்மையை வெளியே கொண்டுவந்தான். வேறு வாங்கலாம் என்று முடிவாயிற்று. என்ன நிறம் என்று அவர் கேட்டார். உங்க இஷ்டம் என்றாள். திரைச்சீலை இன்னும் தொங்குகிறது. மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான்.

இப்போது இவரும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் அவளும் அந்தத் திரைச்சீலையும்தான். போகாதீங்க என்ற வார்த்தை நாலைந்து நாளாகத் தொண்டைக்குள்ளேயே கிடந்து புரண்டது. ஆனால் மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிடப்பட்டிருக்கிறார். குறுக்கே விழுந்து தடுத்தவள் என்ற பேர் தனக்கு எதற்கு? போகிறவர் காலர் மடங்கின சட்டையோடாவது போகட்டும் என்று, பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

இனி சீட்டுக்கு வருவோம். சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம். விருந்தாளிகளின் துணிப் பையில் கிடைப்பதையெல்லாம் ஓர் அலமாரியில் போட்டுவைப்பார்கள். ஒரு வருஷம் யாரும் கேட்டு வராவிட்டால், கண்டெடுத்தவருக்கே அது சொந்தம். ஒருத்திக்குக் கைக்கடிகாரம் கிடைத்தது, இன்னொருத்திக்கு வெள்ளி மோதிரம். இவளுக்கு, யாரோ ஒரு பெண்மணியின் குளியல் அங்கியிலிருந்து, படம் போட்ட குறிசொல்லும் சீட்டுக்கட்டு கிடைத்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. எந்த நாட்டு எழுத்தோ, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அதனால் என்ன, படம் இருக்கிறதே என்று அவளே அர்த்தம் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் சீட்டக்கா.

அவள் அர்த்தங்களில் சோப்பு வாசம் அடிக்கும். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவன் வந்தால், "காயப்போட்டிருக்கு. காயட்டும். ஈரத்தோட எடுத்து உடுத்தாதே" என்பாள். சூரியன் வந்தால், "நல்ல வெயில், இன்னிக்கே பேசிடு." இதயத்தில் மூன்று வாள் குத்தின சீட்டுக்கு, "குண்டூசிய எடுக்காம சட்டைய மாட்டிக்கிட்டிருக்கே. முதல்ல எங்க குத்துதுன்னு பாரு." எலும்புக்கூடு குதிரையில் வரும் சீட்டை முதல் நாளே எடுத்துத் தனியே வைத்துவிட்டாள். கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

சாப்பாட்டு இடைவேளையில் மடிப்பு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடும். அவன் என்னை நினைக்கிறானா, இவள் திரும்பி வருவாளா, மாமியாரோடு ஒத்துப்போகுமா, இதுதான் கேள்வி. சீட்டைவிட அவள் அதிகம் பார்ப்பது கைகளைத்தான். சீட்டுக்கட்டை நீட்டி வெட்டச் சொல்வாள். ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டவர்கள் பட்டென்று வெட்டுவார்கள். பயந்தவர்கள் மேலே இரண்டு சீட்டை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். கையைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கணவர் மட்டும் அந்தப் பக்கமே வந்ததில்லை. "மேல போகும், கீழ போகும், நடுவுல நின்னுடும். இதைத்தானே சொல்லுது உன் சீட்டு? என் லிஃப்ட்டும் அதைத்தான் சொல்லுது" என்பார்.

இந்த மழைக்காலத்தில்தான் சீட்டுக்குச் சீக்கு வந்தது. வெளியே ஈரம், உள்ளே நீராவி. சீட்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. வளைந்த துணியை என்ன செய்வாளோ அதையே செய்தாள். மேலே ஒரு துணியைப் போட்டு, கட்டோடு சேர்த்து இதமான சூட்டில் ஒரு தேய்ப்பு. சீட்டு நிமிர்ந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு காதலர் சீட்டு யாருக்கும் வரவில்லை. கைகோத்து நிற்கும் ஆணும் பெண்ணும், எல்லோரும் ஆசையாக எதிர்பார்க்கும் சீட்டு. அதற்குப் பதிலாக, விளக்கைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போகும் கிழவன் வந்து வந்து நின்றான்.

"மழைக்காலம்ல, காதலுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று சமாளித்தாள். ஆனால் பொத்தான் தைக்கும் பெண் சமாதானம் ஆகவில்லை. சலவை வேன் டிரைவர் மேல் அவளுக்கு ஒரு கண். வாரம் தவறாமல் கேட்டாள், வாரம் தவறாமல் கிழவன் வந்தான்.

"என்னக்கா, எனக்கு இந்தத் தாத்தாவத்தான் கட்டிவைக்கப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இப்போதெல்லாம் வேன் ஹாரன் கேட்டால் பொத்தான் டப்பாவோடு பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். டிரைவர் துணி மூட்டையை வைத்துவிட்டுச் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

நீலச் சட்டையின் கைமடிப்பில் சீட்டக்கா இஸ்திரிப் பெட்டியை ஓட்டும்போது, கணவர் இரண்டு டம்ளர் தேநீரோடு வந்தார். தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். திறந்து கிடந்த பயணப் பெட்டியைப் பார்த்தார்.

"ரொம்ப சுறுசுறுப்பா அனுப்பிவைக்கறே."

"நீங்க தேய்ச்சா காலர் சல்யூட் அடிக்கும். புது ஊர்ல மானம் போகும்."

"ம்" என்றார். உட்கார்ந்தார். தேநீரை ஆற்றினார், அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரு சீட்டு போட்டுப் பாரேன்" என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்கா கேப்பேன்?"

"காதல் விஷயம்னாதான் என் சீட்டு பேசும். லிஃப்ட், வேலை இதெல்லாம் அதுக்குத் தெரியாது."

"காதல் விஷயமாவே வெச்சுக்கோயேன். எனக்கு இருக்கக் கூடாதா?"

"யாரு அந்த மகராசி?" என்று கேட்டாளே தவிர, காது சூடாவதை அவளால் தடுக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்து நீட்டினாள். "வெட்டுங்க."

அவர் வெட்டினார். பட்டென்றும் இல்லை, கிள்ளியும் இல்லை. கீழே விழுந்த நட்டைப் பொறுக்குவது போல் கவனமாக, நடுவில். இத்தனை வருஷம் கூட இருந்த கைதான். ஆனால் ஊரார் கையெல்லாம் படித்தவளுக்கு அந்தக் கையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"கேள்விய மனசுல நெனச்சுக்குங்க."

"நெனச்சாச்சு. போகட்டுமா, இருக்கட்டுமா."

"மனசுலன்னு சொன்னேன்."

"சத்தமா நெனச்சுட்டேன். போடு."

மேல் சீட்டைத் திருப்பினாள். விளக்கும் கையுமாகக் கிழவன்.

பொத்தான்காரியாக இருந்தால் சளி, மழை என்று எதையாவது சொல்லிவிடலாம். "தனியாப் போறவர்" என்றாள் மெதுவாக. "கையில வெளிச்சம் இருக்கு. வழி தெரியும். போகலாம்னுதான் சொல்லுது."

"போகலாம்னா?"

"அப்படித்தான் தெரியுது."

"சரி" என்றார் அவர். சந்தோஷமா, வருத்தமா? அந்த முகம் பழுதுபட்ட லிஃப்ட் மாதிரி எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்ல மறுத்தது. கிழவனை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று புருவத்தைச் சுருக்கினார்.

"இது என்ன, இவன் மட்டும் கனமா இருக்கான்?"

"வயசானவன், இருப்பான்."

"விளையாடாதே. இது ரெண்டு சீட்டு." விளிம்பை நகத்தால் வருடினார். "ஒட்டிக்கிட்டிருக்கு. இதுக்கு என்ன பண்ணே?"

"வளைஞ்சு போச்சேன்னு லேசாத் தேய்ச்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். "சீட்டையா?"

"துணியப் போட்டுத்தான்."

"துணியப் போட்டாளாம்!" அவர் சிரித்த சிரிப்பில் டம்ளர் ஆடியது. "வீட்டுல சட்டையத் தொடமாட்டாளாம், குறிசொல்ற சீட்டுக்கு இஸ்திரி போடுவாளாம். மேல பூசின பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிச்சு, அம்மணி!"

மெக்கானிக் கை சும்மா இருக்குமா? இஸ்திரிப் பெட்டியின் நீராவியில் சீட்டைக் காட்டிக் காட்டி, சவர பிளேடை விளிம்பில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். அவளும் அவர் தோளோடு குனிந்து நின்றாள். கிழவனுக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது காதலர் சீட்டு.

"ஐயோ, அந்தப் பொண்ணு!" என்று சீட்டக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "மழைக்காலம் முழுக்க அவளப் பின்கட்டுக்கு விரட்டியிருக்கேனே. டிரைவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? நாளைக்கு முதல் வேலையா அவள வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும்."

"அது கிடக்கட்டும். இதப் பாரு."

சீட்டு முழுசாகப் பிரியவில்லை. பெண் அப்படியே இருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற ஆண் மட்டும் உரிந்து, கிழவனின் முதுகில் ஒட்டிக்கொண்டு போயிருந்தான். பெண்ணின் நீட்டின கைக்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம்.

அவர் சிரிப்பு அடங்கியது. "பாத்தியா. அவன் போயே போயிட்டான்."

"அவன் எங்க போனான்? ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தான்" என்றாள் சீட்டக்கா. குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "பிளேடு போட்டுப் பிரிச்சது நீங்க."

"நானா? பெட்டிய இறக்கினது யாரு? சட்டையத் தேய்ச்சது யாரு? நாலு நாளா என்னை அனுப்பிவைக்கறதுலேயே குறியா இருக்கறது யாரு?"

"நீங்க ஆசப்படறீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஆசப்படறேன்னு எப்ப சொன்னேன்?"

"வேண்டாம்னு எப்ப சொன்னீங்க?"

"நீதான் உங்க இஷ்டம்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குப் போயின. பச்சைத் திரைச்சீலை காற்றே இல்லாமல் தொங்கியது.

சீட்டக்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். அதை நிதானமாகச் சுற்றினாள். ஊரில் இருக்கிற காதலையெல்லாம் கூசாமல் பேசியவளுக்கு, தன் ஒரு வாக்கியத்தைச் சொல்ல இவ்வளவு ஒயர் சுற்ற வேண்டியிருந்தது.

"நீங்க போறது எனக்குப் பிடிக்கல" என்றாள். "இது சீட்டு சொல்றது இல்ல. நான் சொல்றேன். அந்தப் பெரிய வேலை உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க, நான் ஒண்ணும் தண்டவாளத்துல தலைவைக்க மாட்டேன். ஆனா பிடிக்கல. சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? இஷ்டம் கிஷ்டம்னு ஆரம்பிச்சீங்க, இந்தப் பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவர் எழுந்தார். காதலர் சீட்டையும் கிழவனையும் சேர்த்து, பழையபடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உரிந்த ஆண் பெண்ணின் பக்கத்தில் வருகிற மாதிரி விரலால் நகர்த்திப் பொருத்தினார். அழுத்திப் பார்த்தார். பிறகு அடுக்கின் மேலே இருந்த நீலச் சட்டையை உதறி எடுத்து, வீட்டுப் பனியன் மேலேயே மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒன்று விட்டு ஒன்று போட்டார். காலர் கச்சிதமாக மடங்கி உட்கார்ந்திருந்தது.

"பால் தீந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்" என்றார். கூடத்தைத் தாண்டும்போது கையால் திரைச்சீலையை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டார். வெளிச்சம் மடமடவென்று உள்ளே வந்தது.

"ஏங்க! அது ஊருக்குன்னு தேய்ச்ச சட்டைங்க!" என்று சீட்டக்கா கத்தினாள்.

"எந்த ஊருக்கு?" என்ற குரலும், வாசல் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன.