கடைசியாகத் திறந்த தெரு

எங்கள் பக்கத்தில் சாவிக்காரர் என்றால், தெருத்தெருவாகத் தண்ணீர் வால்வைத் திறந்துவிடுகிறவர். தோளில் நீளமான இரும்புச் சாவி. அதைக் குழிக்குள் இறக்கித் திருகினால்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காத மனுஷன். அந்த நேர்மையில் கொஞ்சம் திமிரும் உண்டு. மகளைக் கட்டிக்கொடுத்த எங்கள் தெருவை எப்போதும் கடைசியாகத்தான் திறப்பார்.

"மகளுக்காக முந்தித் திறந்தான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது" என்பார்.

அவர் பேர் பிழைத்தது, எங்கள் மண்டைதான் உடைந்தது. கடைசித் தெருவுக்கு வருவது மிச்சத் தண்ணீர். குழாயடியில் குடத்தாலேயே அடித்துக்கொள்வோம். என் முன்பல் அங்கேதான் போனது. சத்தம் கேட்டு அவருடைய மாப்பிள்ளை எழுந்து வருவான். இரும்புப் பட்டறையில் இரவு வேலை முடித்துப் படுத்தவன். தூக்கம் கெட்ட கோபமாம். எல்லாம் சாக்கு. எங்களிடம் காட்டத் துப்பில்லை, பெண்டாட்டியை முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போவான். பெல்ட் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். நகர்ந்தால் இடம் போய்விடும் என்று நாங்கள் வரிசையிலேயே நிற்போம்.

ஒருநாள் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். வால்வுக் குழியருகே நின்ற சாவிக்காரர் அலறல் கேட்டு ஓடிவந்தார். கையிலிருந்த இரும்பால் மாப்பிள்ளையின் முழங்காலில் போட்டார். எலும்பு நொறுங்கியது. அடுத்த அடியைத் தலைக்கு ஓங்கியபோதுதான், குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தடுத்தோம்.

அவரையும் மகளையும் ஆஸ்பத்திரியில் வைத்தே பெண் போலீஸ் விசாரித்தாள். மகள்மேல் எரிந்து விழுந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் அவனைப் பிடிச்சு உள்ள வைக்கிறோம். நீ வந்து புகாரைத் திரும்ப வாங்கிடற."

"அவரு உள்ள இருந்தா பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?"

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கேட்டாள். "துணி ஃபேக்டரியில ஆள் எடுக்கிறாங்களே, போக வேண்டியதுதானே?"

"காலையிலேயே போகணும். எங்க தெருவுக்கு அப்பதான் தண்ணி வருது. நான் பிடிக்கலேன்னா வீட்டுல ஒரு சொட்டு இருக்காது."

சாவிக்காரருக்கு முகம் செத்துப்போனது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேம்ப்பா. பேர் கெட்டுடும்னீங்க. உங்க நல்ல பேருக்கு நான்ல அடி வாங்கிட்டிருந்தேன்."

இரும்புச் சாவி சாட்சியாகப் போலீஸுக்குப் போனது. அவர் ஜாமீனில் வந்தார். அந்த வேலைக்கு வேறு ஆள் சிக்காததால் புதுச் சாவியும் கொடுத்தார்கள். விடிந்ததும் முதலில் எங்கள் தெருவைத் திறந்தார். மேல்தெருக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், அவர் காதில் வாங்கவில்லை. கை எலும்பு கூடியதும் மகள் ஃபேக்டரிக்குப் போனாள். இந்தத் தடவை புகாரைத் திரும்ப வாங்கவில்லை.

அவனும் ஜாமீனில் வந்தான். ஒருநாள் காலை நொண்டிக்கொண்டே வந்து, வேலைக்குக் கிளம்பியவளை வாசலிலேயே பெல்ட்டால் விளாசினான். எங்கள் குடங்கள் எப்போதோ நிறைந்திருந்தன, வரிசை என்று எதுவும் இல்லை. தெருவே திரண்டு போனது. பெல்ட்டைப் பிடுங்கியவள் நான். சும்மா சொல்லக் கூடாது, கை வலிக்கிற வரைக்கும் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்சு மட்டும் வையுங்க. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."