சிடுசிடுவும் மூஞ்சிப் பெட்டியும்

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் கால் நூற்றாண்டாக உட்கார்ந்திருந்த அந்தக் குமாஸ்தாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஜனங்கள் வைத்த பெயர் சிடுசிடு. அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். பிள்ளை பிறந்த பூரிப்பில் வருகிறவனையும், தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவனையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்ப்பார். அந்த விஷயத்தில் மனுஷர் பாரபட்சம் காட்டியதே இல்லை. "ஜெராக்ஸ் எங்க?" என்று அவர் கேட்கிற தோரணையில், நாம் பிறந்ததே தப்போ என்று எதிரில் நிற்கிறவனுக்குத் தோன்றிவிடும்.

ஆனால் அவரை ஒரேயடியாகத் திட்டித் தீர்த்துவிடவும் முடியாது. மாடிப்படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவர் மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். காலையில் ஒரு வேலைக்கார அம்மாள் வந்து போவாள், அவ்வளவுதான். மத்தியானம் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கிற வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார். அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். ஜன்னலில் எரிந்து விழுகிற அதே வாய் அங்கே, "இன்னும் ஒரே ஒரு வாய்ம்மா" என்று கெஞ்சும். அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான் அவருக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம். அது கைவிட்டுப் போனால் மத்தியானம் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

இப்படி இருக்கையில்தான் நகர நிர்வாகத்துக்குத் தரவுப் பைத்தியம் பிடித்தது. தலைமை அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்கத் திரை மாட்டினார்கள். எந்தத் தெருவில் குப்பை நிற்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அதில் கலர் கலராகத் தெரியுமாம். பிறகு தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை என்று திரையில் தெரிகிறதே, அது போதாதா உங்களுக்கு?

அந்தத் திரைக்குத் தீனி போட எல்லா அலுவலகங்களின் கூடத்திலும் வாசலை ஒட்டி ஒரு பெட்டியை நட்டார்கள். இவருடைய கிளையில் இருந்ததே ஒரே ஒரு ஜன்னல்தான். இடுப்பு உயரக் கம்பம், அதன் தலையில் மூன்று பொத்தான்கள். சிரிக்கிற பச்சை முகம், சும்மா இருக்கிற மஞ்சள் முகம், உம்மென்ற சிவப்பு முகம். பொதுமக்கள் மனநிறைவு அளவீட்டுக் கருவி என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். ஜனங்கள் மூஞ்சிப் பெட்டி என்றார்கள். வேலை முடிந்து போகிறவர்கள் போகிற போக்கில் ஒன்றை அமுக்கிவிட்டுப் போகவேண்டும். சுற்றறிக்கையின் கடைசி வரியைச் சிடுசிடு இரண்டு தடவை படித்தார். சிவப்பு அதிகம் விழுகிற ஜன்னல்காரரை ஊர்க்கோடியில் இருக்கிற கிளை அலுவலகத்துக்கு மாற்றுவார்களாம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம் அது.

முதல் நாளே விழுந்தது பாருங்கள் சிவப்பு. கால் நூற்றாண்டாக மென்று விழுங்கியதையெல்லாம் ஜனங்கள் அந்தப் பொத்தானில் காட்டினார்கள். உள்ளங்கையால் அறைந்தவர்கள் உண்டு, குடைக் கைப்பிடியால் குத்தியவர்களும் உண்டு. ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் மூன்றையும் மாறி மாறி அமுக்கிக் கெக்கெக்கே என்று சிரித்தது. அவர் ஜன்னலுக்கு அன்றைக்கு விழுந்த ஒரே பச்சை அதுதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள், வீட்டிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பி வந்தார். உணவு இடைவேளை என்பதால் கூடத்தில் ஈ காக்கை இல்லை. பெட்டி மட்டும் நின்று அவரையே பார்த்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுப் பச்சையை ஒரு அமுக்கு அமுக்கினார். டிங் என்ற சத்தத்தோடு 'நன்றி' என்று ஒளிர்ந்தது. அந்தக் கூடத்தில் அவருக்கு நன்றி என்று யாரும் சொன்னதே கிடையாது. மனுஷருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு தடவை அமுக்கினார். அப்புறம் எண்ணிக்கையே இல்லை.

அன்றிலிருந்து இது அவருடைய மத்தியான வேலைகளில் ஒன்றாகிப் போனது. மனைவிக்கு மாத்திரை, பெட்டிக்குப் பச்சை. மற்ற நேரத்தில் கூட்டம் இருக்கும். காலையிலும் மாலையிலும் கண்காணிப்பாளர் வாசலிலேயே நிற்பார். மத்தியானம்தான் தோது. விஷயத்தை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்துவிட்டது.

"ஏங்க, அதுக்கு வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை நல்லபடியா பேசிட்டுப் போறதுதானே?" என்றாள்.

"பழக்கமில்லாத வேலைம்மா அது," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. பொத்தானை அமுக்குவதற்கு விரல் போதும், முகத்தை மாற்றுவதற்கு ஆளையே மாற்றவேண்டும்.

திரையில் அவர் ஜன்னல் பச்சைப் பசேலென்று ஆனது. கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தன் மேற்பார்வையின் மகிமை என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து 'சிரித்த முகம், சிறந்த சேவை' என்று எழுதிய பலகை ஒன்று வந்தது. அதைச் சிடுசிடுவின் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் பலகையைப் படிப்பார்கள், கீழே இருக்கிற முகத்தைப் பார்ப்பார்கள், தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடியும் பலகையைப் படிப்பார்கள். அவரோ, "படிச்சாச்சுன்னா ஃபாரத்தைக் குடு" என்பார். இதற்கெல்லாம் என்னத்தைச் சொல்ல.

சில மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தரவு அதிகாரி வந்தாள். சின்ன வயது, கெட்டிக்காரி, பேச்சில் தேனொழுகும். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். காலையில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக்கோடு மத்தியானம் மலை மாதிரி ஏறி, பிறகு பொத்தென்று விழுந்தது. பெட்டி நேரத்தையும் குறித்துவைக்கும் என்பது அப்போதுதான் சிடுசிடுவுக்குத் தெரிந்தது.

"மக்கள் ரொம்ப சந்தோஷமா இருக்கறது இந்த நேரத்துலதான்," என்றாள் அவள். "அப்ப இங்க என்ன நடக்குது?"

கண்காணிப்பாளர் தயங்கினார். "அப்ப ஜன்னல் மூடியிருக்கும் மேடம்."

"அதேதான். மூடியிருக்கும்போதுதான் மக்களுக்கு முழு மனநிறைவு. தரவு தெளிவா சொல்லுது." அடுத்த படத்தைத் தட்டினாள். பரிந்துரை: இந்தக் கிளையை நிரந்தரமாக மூடுவது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஊழியர்களை ஊர்க்கோடி அலுவலகத்தோடு இணைப்பது.

யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் மேலதிகாரி முன்னால் அப்படியெல்லாம் சிரித்துவிட மாட்டார்கள். கண்காணிப்பாளர் தலையைக்கூட ஆட்டினார், நல்ல யோசனை என்பது போல.

சிடுசிடு மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் ஏமாற்றியதற்கு வேலை போகும். திறக்காவிட்டால் மத்தியானம் போகும். மத்தியானத்தில்தானே அவள் இருக்கிறாள், கட்டிலில், கதவைப் பார்த்துக்கொண்டு. மற்றவர்கள் டீ குடிக்கக் கலைந்ததும், வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி நின்றார்.

"மேடம், அந்தப் பச்சையெல்லாம் ஜனங்க அமுக்கினது இல்ல. நான்தான் அமுக்கினேன். என்ன தண்டனை வேணா குடுங்க. ஆபீஸை மட்டும் மூடிடாதீங்க. வீட்டுல என் சம்சாரம் படுத்த படுக்கையா கிடக்கா, மத்தியானம் நான்தான் போய்ப் பாக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"தெரியும் சார்," என்றாள் மெதுவாக. "எல்லா ஆபீஸ்லயும் ஸ்டாஃப்தான் அமுக்கறாங்க. ஒரு இடத்துல வாட்ச்மேனே அமுக்கறாரு."

"தெரிஞ்சுமா மூடறீங்க?"

"சில ஆபீஸை மூடணும்னு மேல எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க சார். எதை மூடறது, என்ன காரணம் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தது. மத்தவங்க எல்லாரும் நாள் பூரா பரவலா அமுக்கறாங்க, அதுல ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க ஒருத்தர்தான் மூடியிருக்கற நேரமா பாத்து அமுக்கியிருக்கீங்க."

வயரைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியானம் வழக்கம்போல் வீட்டுக்குப் போனார். புரட்டிப் படுக்கவைத்தார், முதுகு துடைத்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், சிரிப்பாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. வாயில் வாங்கிய கவளத்தை விழுங்கிவிட்டு, "எந்தத் தேதியிலேருந்து?" என்று கேட்டாள்.

"வர்ற திங்கக்கிழமை," என்றார்.

"அப்ப அந்தத் தண்ணிச் செம்பைக் கட்டிலுக்குக் கிட்டத்துல நகர்த்தி வைங்க. எட்டுதான்னு இப்பவே பாத்துக்கறேன்," என்றாள்.

அவர் நகர்த்தி வைத்தார். அவள் கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.