முப்பத்தேழு ஏறவில்லை

ஆர்லன் டகெட் நாற்பத்தொரு வருஷம் மாடு வளர்த்தவர். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம். மிச்சமிருக்கும் ஒரு நாளில், அதாவது ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமையில், ஜூனிபர் கிராசிங் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் நானூறு பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் நெவாடாவின் வடக்குப் பாதியில் அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரிக் கடைசி எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடுகிற காலம். மாடுகள் கன்று போடத் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கும். வேலி கட்டலாம் என்றால் நிலம் உறைந்து கிடக்கும். ஆகவே மாட்டுக்காரர்கள் எல்லாரும் கழுத்தில் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, இருப்பதில் நல்ல தொப்பியாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, நூறு இருநூறு மைல் பனியில் ஓட்டிவந்து கூடுவார்கள். கவிதை சொல்வார்கள், கிதாரும் பிடிலும் வாசிப்பார்கள், பீன்ஸும் மாட்டுக்கறிக் குழம்பும் தின்பார்கள். கையில் காகிதம் வைத்துப் படித்தால் கவிதை இல்லை, மனப்பாடமாக வரவேண்டும்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. குதிரை பத்தடி துள்ளியது என்று யார் வேண்டுமானாலும் புளுகலாம், எல்லாரும் ரசிப்பார்கள். ஆனால் இல்லாத குதிரையைப் பற்றிப் புளுகக்கூடாது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒருவன் தன் சாம்பல் குதிரையைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் குதிரையே இருந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. அடுத்த வருஷம் அவன் மேடையேறியதும் கூடமே எழுந்து காபி குடிக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

ஆர்லனின் கவிதை முப்பத்தேழாம் எண் பசுவைப் பற்றியது. காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் முப்பத்தேழு. ராட்சசி. வேலி உடைப்பாள், வாளியை மிதிப்பாள், பனியில் ஆர்லனைக் குப்புறத் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி அசைபோடுவாள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஆர்லன், இந்த வருஷம் உன்னை விற்று அனுப்பியே தீருவேன் என்று சபதம் போட்டு லாரியை வரவழைப்பார். அவள் சாய்வுப் பலகை வரைக்கும் வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி, பட்டியைத் தாண்டிக் குதித்து ஓடுவாள். அடுத்த வசந்தத்தில் மந்தையிலேயே கொழுத்த கன்றைப் போட்டுவிட்டு அவரை முறைப்பாள். இது பதினொரு வருஷக் கதை. வருஷத்துக்கு ஒரு புதுக் கண்ணி சேர்ப்பார். ஒவ்வொரு கண்ணியும் ஒரே மாதிரி முடியும்:

லாரியும் வந்துச்சு, கதவும் திறந்துச்சு —

இதற்கு மேல் அவர் சொல்லவேண்டியதில்லை. கூடம் முழுக்கத் தரையை மிதித்துக்கொண்டு கத்தும்:

ஏறலையே அவ ஏறலையே!

போன ஆகஸ்டில் மின்னல் விழுந்து மலை பற்றிக்கொண்டது. சேஜ் புதர்களும் புல்லும் இரண்டே நாளில் சாம்பலாயின. மாடுகள் ஓடைப் பக்கம் ஓடித் தப்பித்துக்கொண்டன. ஆனால் மேய்ச்சல் நிலம் கவர்மென்டுடையது. புல் மறுபடி வேர் பிடிக்கும்வரை இரண்டு வருஷம் மாடு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். விலைக்குப் புல்கட்டு தேடினால், அந்த வறட்சியில் எங்கேயும் கிடைக்கவில்லை. நவம்பரில் ஐந்து லாரிகள் வந்தன. எல்லாம் போயிற்று.

முப்பத்தேழைப் பிடிக்க ஆர்லன் இரண்டு நாயும், நீளக் கம்பும், கூடுதலாக ஓர் ஆளும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்ததும் அவள் முன்னால் வந்தாள். பலகையை முகர்ந்தாள். ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவையெல்லாம் வரிசையாகப் பின்னால் ஏறின. லாரி டிரைவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்லாப் பழகின பசுய்யா, இது மாதிரி ஒண்ணு இருந்தா எங்களுக்கு வேலை சுளுவு" என்றார். பதினாலு வயசுப் பசுவை வளர்க்க யாரும் வாங்கமாட்டார்கள். கறிக்குத்தான். அது டிரைவருக்கும் தெரியும், ஆர்லனுக்கும் தெரியும். "ஆமாம்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தார். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட உதடு மாதிரி இருந்தது: தொட்டால் இருக்கிறது, ஆனால் அவருடையதில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு, தீனி வண்டியைக் கிளப்பி, காலி மைதானத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார். பாட்டரி இறங்கிவிடக்கூடாது என்று காரணம் சொல்வார். அவர் மனைவி நோரீன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு மாதமாகப் பாட்டரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூனிபர் கிராசிங்கில் இது யாருக்கும் தெரியாது. தெரிய வழியுமில்லை. எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள்; மூட்டுவலி, மகனின் விவாகரத்து, எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் வைத்து விசாரிப்பார்கள். 'எத்தனை மாடு வைத்திருக்கிறாய்?' என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அது ஒருவனின் சட்டைப்பைக்குள் கைவிடுவதைப் போல. அதனால் மாடு இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே மாதிரித் தொப்பியில் ஒரே மேசையில் உட்கார்ந்து குழம்பு சாப்பிடலாம்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு வரிசையில் மெர்ல் வந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மெர்ல் ஐடாஹோக்காரர். பக்கத்து மாநிலத்தில் மாடு வளர்க்கிறார், கிதார் வாசிக்கிறார், முப்பது வருஷச் சிநேகிதர்.

"என்னடா கிழவா, இன்னும் சாகலையா நீ?"

"உன் கிதாரை இன்னொரு தரம் கேட்டா செத்துருவேன்."

"உன் ராட்சசி எப்படிடா இருக்கா? இந்த வருஷம் எதை உடைச்சா? வர்ற வழியெல்லாம் என் பொண்டாட்டி அதையேதான் கேட்டுக்கிட்டு வந்தா."

"மேடையில கேட்டுக்கோ."

"பார்றா, ரேட் ஏத்துறான்!" என்று மெர்ல் சிரித்தார். ஆர்லனும் சிரித்தார். சிரிப்பு அதுபாட்டுக்கு முகத்தில் வந்து போயிற்று.

ஆர்லனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், புத்தம் புதுத் தொப்பி, விலை அட்டையைக் கிழித்த நூல் இன்னும் தொங்குகிறது, எங்கிருந்தோ பெரிய நகரத்திலிருந்து வந்தவள், ஆசையாகக் கேட்டாள்:

"சார், நீங்க நிஜமான கௌபாயா? உங்ககிட்ட எத்தனை மாடு இருக்கு?"

கரண்டிகள் நின்றன. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கூரையைப் பார்த்தார். மெர்லின் காது சிவந்துவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

இதற்கென்று எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது, எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். ஆர்லனும் சொன்னார்:

"தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருக்கும்மா."

எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள், கரண்டிகள் மறுபடி ஓடின. நோரீன் சிரிக்கவில்லை. தட்டுடன் மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்த பிறகு கேட்டாள்:

"ரெண்டு மணிக்கு மேடையில என்ன சொல்லப்போற?"

"கண்ணி கட்டி வெச்சிருக்கேன்."

"எது? அவ வேலி உடைச்சாங்கிறதா?"

"ரெண்டு கட்டியிருக்கேன். ஒண்ணு உடைச்சது. ஒண்ணு நடந்தது."

நோரீன் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தாள். "உடைச்சதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அடுத்த வருஷமும் எதையாவது உடைக்கவைக்கணும். அதுக்கடுத்த வருஷமும். இல்லாத மாட்டுக்கு எத்தனை வருஷம் தீனி போடுவ ஆர்லன்? காலையில போடுறது போதாதா?"

இரண்டு மாதத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கவேண்டும். ஒன்றும் இல்லை. "குழம்புல உப்பு கம்மி" என்றார்.

உண்மையில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னால் அந்தக் கவிதை அங்கேயே முடிந்துவிடும். மாடும் இல்லை, கவிதையும் இல்லை என்றால், அடுத்த ஜனவரியில் இந்தக் கூடத்துக்கு எந்த முகத்தோடு வருவது? பொய்யைச் சொன்னால் வரலாம். ஆனால் காபி குடிக்க எழுந்துபோன கூட்டத்தில் அன்று ஆர்லனும் இருந்தார். கதவை முதலில் தள்ளித் திறந்தவரே அவர்தான்.

இரண்டு மணிக்கு டாட்டி மைக்கைப் பிடித்தாள். அந்தக் கூட்டத்தை வருஷா வருஷம் நடத்துகிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் அவள். "மக்களே, பனி, பஞ்சர் எல்லாத்தையும் தாண்டி நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். நான் குறுக்க நிக்கல. ஆர்லன் டகெட்!"

தரை அதிர்ந்தது. ஆர்லன் போய் நின்றார். பழைய கண்ணிகள் தாமாகவே வந்தன. வாளியை மிதித்தது, பாதிரியார் காரை முட்டியது, நோரீன் துவைத்துக் காயப்போட்ட போர்வையைத் தின்றது. ஒவ்வொன்றுக்கும் கூடம் கத்தியது: ஏறலையே அவ ஏறலையே! மெர்லின் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் குரலை ஆர்லன் பக்கத்து அறை வானொலியைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பதினோராம் கண்ணியும் முடிந்தது.

"புதுசு! புதுசு!" என்றது கூடம்.

நோரீன் எங்கே என்று பார்த்தார். மூலை மேசையில் அவருடைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கண்ணி வரப்போகிறது என்று வாய் திறக்கும்வரை அவருக்கே தெரியாது. வந்தது இதுதான்:

மின்னலும் விழுந்துச்சு, மேய்ச்சலும் எரிஞ்சுச்சு,
மேற்கு மலை கரிஞ்சு போச்சு,
புல்லுக்கு அலைஞ்சு பூட்ஸும் தேஞ்சுச்சு,
போட ஒரு கட்டு இல்லாமப் போச்சு,
லாரியும் வந்துச்சு, கதவும் திறந்துச்சு —

இங்கேதான் தப்பு நடந்தது. கடைசி அடியை அவர் மாற்றிக் கட்டி வைத்திருந்தார். தீனி வண்டிக்குள் உட்கார்ந்து நூறு தடவை சொல்லிப் பார்த்தும் இருந்தார். அந்த அடி பதினொரு வருஷமாகத் தன்னுடையதே இல்லை என்பதை மறந்துவிட்டார். காலி மைதானம் திருப்பிச் சொல்லாது அல்லவா. அவர் மூச்சை இழுப்பதற்குள் நானூறு பேர் பூட்ஸால் தரையை மிதித்து, மகிழ்ச்சியாக, முழுத் தொண்டையில் கத்தினார்கள்:

ஏறலையே அவ ஏறலையே!

சிரிப்பும் கைதட்டலும் விசிலும். டாட்டி கைதட்டிக்கொண்டே மைக்குக்காக வந்தாள். அப்படியே இறங்கிவிடலாம். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சொன்னது அவர்கள்தான். ஆர்லன் மைக்கைக் கொடுக்கவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று நின்றார். அடங்கச் சற்று நேரமாயிற்று.

"ஏறிட்டா" என்றார்.

யாரோ ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இதுவும் வேடிக்கை என்று நினைத்திருப்பார்.

"மொத ஆளா ஏறிட்டா. அவ பின்னால எல்லாமே ஏறிடுச்சு. அவ்வளவுதான்."

மைக்கை டாட்டி கையில் கொடுத்தார். இருபத்தாறு வருஷம் நாலாம் வகுப்பை அடக்கி ஆண்ட டாட்டி அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துபோனாள். கைதட்டலும் இல்லை. ஆனால் காபி குடிக்க ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே அவர் நடந்து வெளியே போகும்வரை நானூறு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வண்டிகள் நிறுத்திய இடத்தில் வெயில் பனிமேல் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது. அவர் பின்னாலேயே வந்த நோரீன் பிக்கப்பின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆர்லன் கதவில் கை வைத்தபடி நின்றார். சொல்லியாயிற்று. சொன்ன பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. இனி இப்படியேதான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

மெர்ல் கோட்டுப் போடாமல் சட்டையோடு ஓடிவந்தார். ஆறுதல் சொல்லப்போகிறான், அதையும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஆர்லன் காத்திருந்தார்.

மெர்ல் தொப்பியைக் கழற்றினார்.

"எத்தனைடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நோரீனின் கை கண்ணாடியில் அப்படியே நின்றது. நாற்பத்தொரு வருஷத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட ஆர்லனிடம் கேட்காத கேள்வி. மாடு இருக்கிறவனிடம் அதை யாரும் கேட்பதில்லை.

"இருநூத்திப் பதினாலு" என்றார் ஆர்லன். அந்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னதும் வண்டிக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். வலித்தது. நவம்பரிலிருந்து வராமல் இருந்ததெல்லாம் ஒன்றாக வந்து வலித்தது. "இருநூத்திப் பதினாலுடா மெர்ல். அவளோட சேத்து."

"நல்ல மந்தைடா" என்றார் மெர்ல்.

நோரீன் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.