குப்பைத்தொட்டியில் இருந்த கடல்

நாகப்பட்டினம் துறைமுகச் சாலையில் மீனா நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு லேப்டாப்போடு யாரும் வருவதில்லை, பேயோடுதான் வருவார்கள். "பாப்பா, இதுக்குள்ள ஏதோ புகுந்திருச்சு." மீனவர் வீட்டில் பிறந்து, மீனவனுக்கே வாழ்க்கைப்பட்டு, பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கடை போட்டவள். கடலில் மட்டும் ஒருநாளும் போனதில்லை. கரையில் நிற்கிறவளுக்கு அது எப்போதும் வெறும் தண்ணீர்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள் விசைப்படகுக்காரர் காயாரோகணம் வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கோளாறாம், உடனே சுத்தம் செய்ய வேண்டுமாம். மீனா அதை பஸ் ஸ்டாண்ட் லேகியக்காரன் குரலில் வாசித்தாள். "தல சுத்துதா ஐயா, கை நடுங்குதா ஐயா, ஒரே ஒரு டப்பா வாங்குங்க ஐயா."

"சிரிக்காத பாப்பா. சுத்தம் பண்ற சாப்ட்வேராம், மாப்ள நேத்து ஏத்துனாரு. ஓசியில கொஞ்சம் கூட்டுச்சு, மிச்சத்துக்குக் காசு கேக்குது. கட்டிரலாமா?"

"எதுக்கு மாமா? சின்ன டிஸ்க்கா இருந்த காலத்துல இதெல்லாம் தேவைப்பட்டுச்சு. நானே எல்லாருக்கும் ஏத்திக் குடுத்திருக்கேன். இப்ப விண்டோஸ் தன் வீட்டத் தானே கூட்டிக்குது. செட்டிங்ஸ்ல ஒரு தட்டு தட்டுனா போதும். இது முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்து வீட்டக் கூட்டுற மாதிரி. குப்ப எது, கொலுசு எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

காயாரோகணத்தின் முகம் வெளுத்தது. "கூட்டுச்சுன்னா, திரையில இருக்குற அந்தக் குப்பத்தொட்டியையுமா?"

"அதத்தான் மொதல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படகின் பழைய ஜிபிஎஸ் உப்புத்தண்ணீர் பட்டுச் செத்துவிட்டது. புதியது வாங்கியாயிற்று. ஆனால் மீன் கிடக்கும் இடம், வலை மாட்டும் இடம் எல்லாம் லேப்டாப்பில் ஒரே ஒரு ஃபைலில். அதை அடுத்த படகுக்காரன் பார்த்தால் பிழைப்பு போச்சு. மாப்பிள்ளையே அடுத்த படகுக்காரர்தான்.

"எங்க வெச்சாலும் எவனாவது தொறக்குறான். குப்பத்தொட்டிய எவன் தொறப்பான்? அதான் பழைய கரண்டு பில்லுன்னு பேரு வெச்சு அதுல போட்டேன்."

மீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த லேப்டாப் வந்தாலும் அவள் முதலில் காலி செய்வது அந்தத் தொட்டியைத்தான். திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

சட்டென்று லேப்டாப்பை அணைத்து டிஸ்க்கை வெளியே எடுத்தாள்.

"என்ன பாப்பா, கொடல உருவுற?"

"ஓட ஓடப் பழசு மேல புதுசு எழுதிரும் மாமா. நல்லவேளை, இது பழைய மாடல் டிஸ்க்கு. தூக்கிப் போட்டத இது உடனே அழிக்காது. இருந்த எடத்த மறந்துரும், அவ்ளோதான். மேல எதுவும் விழாம இருந்தா அடியில கெடக்கும்."

"அப்ப வலையப் போட்டுப் பாரு."

போட்டாள். தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டித் தேடவிட்டதில் யார் யார் கல்யாணப் படங்களோ வந்தன. நெடுநேரம் கழித்துப் பெயரில்லாத ஒரு ஃபைல் ஏறியது. அதை மேப்பில் திறந்தாள்.

நாகப்பட்டினத்துக்கு வெளியே, வெறும் நீலத்தில், புள்ளி புள்ளியாக ஒரு ஊர் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர். வலைகிழிச்சான். கப்பல் கிடக்கு. சம்பந்தி முறைச்ச இடம். எல்லையம்மா பாறை.

"அத்தை பேரா மாமா?"

"ஆமா. கிட்டப் போனா வலை கிழியும்."

மீனாவின் கை மௌஸிலேயே நின்றது. தினம் பார்த்த தண்ணீருக்கு அடியில் மேடும் பள்ளமும் சண்டையும் சிரிப்புமாக இத்தனை கிடந்திருக்கிறது.

"இதெல்லாம் நீங்க பாத்தீங்களா?"

"யாருமே பாத்ததில்ல. கிழிஞ்சு கிழிஞ்சு தெரிஞ்சுகிட்டது." அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "கண்ண மூடிக்க பாப்பா."

"மூடிக்கிட்டு எப்படிக் காப்பி பண்றது?"

யோசித்தார். "ஒரு கண்ண மட்டும் மூடிக்க."

இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே புதிய ஜிபிஎஸ்ஸின் கார்டில் ஏற்றிக் கொடுத்தாள். கிளம்பும்போது அவர் சொன்னார், "ஒரு காப்பி உங்கிட்டயே இருக்கட்டும்."

"எங்க வீட்டுக்காரரு அடுத்த படகுலதான் போறாரு, தெரியும்ல?"

"தெரியும். உன்னையும் தெரியும்."

அன்று இரவு சாப்பாட்டில் கணவன் ஜெயபால் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். "காயாரோகணம் மாமா கடைக்கு வந்தாராமே. விடிஞ்சா எந்தப் பக்கம் போறாராம்?"

மீனா தோசைக்கல்லில் மீனைத் திருப்பிப் போட்டாள். "கெழக்க."

"நாகப்பட்டினத்துல கடல் கெழக்கதானடி இருக்கு. அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்குறீங்க? சாப்பிடுங்க."