பீரோ காலுக்குக் கீழே

தொண்ணூற்றொன்றில் என் மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். பெண் வீட்டார் ஸ்ரீபெரும்புதூர் டவுன். சீர்வரிசையில் ஓர் இரும்பு பீரோ வந்தது. சேரப்பணஞ்சேரியில் என் வீட்டுக் கூடத்தில், மேற்குச் சுவரோரம் நிறுத்தினார்கள். கையை எடுத்ததும் அதன் கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடினார்கள். மறுபடியும் திறந்தது.

சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"தரை கோணலா கீதே சம்பந்தி. போட்டவன் குடிச்சிட்டு போட்டானா?"

போட்டவள் நான். சித்தாளாக எத்தனையோ வீட்டுக்குக் கலவை சுமந்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு, அந்தச் சிவப்பு சிமெண்டுத் தரையை நானே பூசி, முட்டி தேயத் தேய்த்து மினுக்கினேன். மேற்கிலிருந்து கிழக்கே வாட்டம் விட்டிருந்தேன். அப்படிச் சரிவாக இருந்தால்தான் கூடத்தைக் கழுவிய தண்ணீர் கிழக்கு மூலை ஓட்டையில் போய் விழும். டவுன்காரிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டாள்.

ஒரு சொம்புத் தண்ணீரை மேற்குச் சுவரோரம் ஊற்றினேன். ஒரே ஓட்டமாக ஓடி வெளியே விழுந்தது.

"பாத்துக்கினீங்களா சம்பந்தி? ஒரு சொட்டு நிக்குதா? கோணல் உங்க பீரோவுல கீது."

"ஓடுதுல்ல? அதத்தான் நானும் சொன்னேன்."

மகனுக்குப் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது, கழித்துப் போட்ட தட்டையான பிளாஸ்டிக் துண்டுகள் கொஞ்சம் கொண்டுவந்து பீரோவின் முன்கால்களுக்குக் கீழே சொருகினான். ஆசாரிகள் இதைப் பேக்கிங் என்பார்கள்.

"மரச்சில்லு வெச்சா தண்ணில ஊறிப் பூடும். கரையான் வேற. இதுக்கு ஒன்னும் ஆவாதும்மா," என்றான்.

கதவு நின்றது. பூட்டும் விழுந்தது. மருமகள் அந்த நிமிஷமே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் யாருக்குப் பயந்து பூட்டு? மகனுக்கா? மிச்சம் இருப்பது நான்தானே.

மறுநாள் அவள் பீரோவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் தோளால் பீரோவை ஒரு முட்டு முட்டிப் பேக்கிங்கைக் காலால் தள்ளி, குப்பையோடு பெருக்கிவிட்டேன். வந்தவள் பூட்டிப் பார்த்தாள். விழவில்லை. குப்பையைக் கிளறி, துண்டுகளைக் கழுவி, திரும்ப வைத்தாள். அடுத்த நாளும் நான் எடுத்தேன். அவள் வைத்தாள்.

"இன்னாம்மா வேல இது?" என்று மகன் கேட்டான்.

"என் வூட்ட நான் பெருக்கறேன்."

"பீரோவத் தூக்கியா பெருக்குவாங்க?"

சங்கதி டவுனுக்குப் போயிற்று. மகன் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா ஒரு கொத்தனாரோடு வந்து இறங்கினாள். அவன் கையில் உளியும் சுத்தியலும்.

"பீரோ நிக்கற எடத்த மட்டும் கொத்திட்டு மட்டமா பூசிடலாம் சம்பந்தி. வாணான்னா சொல்லுங்க, வண்டி வாசல்ல நிக்குது. பீரோவும் வர்ட்டும், எம்பொண்ணும் வர்ட்டும்."

நான் போய்ப் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "ஏம்பா, உளிய மொதல்ல என் கால் மேல வெய்," என்றேன். கொத்தனார் சம்பந்தியம்மாவைப் பார்த்தான். மகன் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று உள்ளே பயம்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து மருமகள் ஈரக் கையோடு வந்தாள்.

"யம்மா, மட்டமா பூசுனா அங்க தண்ணி தேங்கும். தெனம் வந்து தொடைக்கறது நீயா, நானா?"

"அப்ப பொட்டியக் கட்டுடி."

"இன்னாத்துக்கு? பீரோ நல்லாத்தான் பூட்டுது. அத்த காலு சும்மா இருந்தா செரி."

கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனான். என் வீட்டில், என் தரையில், அந்நிய ஆம்பளை முன்னால் என்னை அப்படிச் சொன்னாள். தரையும் அவளால்தான் பிழைத்தது. அதற்காக எழுந்து வழி விட்டேன்.

சம்பந்தியம்மா காபியைத் தொடாமல் வண்டி ஏறினாள். மருமகள் பீரோவைப் பூட்டி, நான் பார்க்கவே பிடியை இழுத்துச் சோதித்தாள். நான் துடைப்பத்தை எடுத்து, கால்களைச் சுற்றிப் பெருக்கினேன். துண்டுகளைத் தொடவில்லை.

"அந்த ஓரத்துல தூசு கீது அத்த."

"எனக்குக் கண்ணு தெரியுது," என்றேன்.