பக்கத்தின் அடியில் இரண்டு வரி

"இந்தக் கடைசி ரெண்டு வரிதான் பிடிபடல மாமா," என்றேன். அம்மாவின் அண்ணன் அவர். அவருடைய கவிதைகளை நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். எந்த வரி என்று கேட்டார். வாசித்தேன்.

மண் கேட்கும் நாளில் உயிர் தருவோம்
மறுபேச்சு இன்றித் தருவோம்

கண்ணாடியைக் கழற்றினார். "அது கவிதை இல்லம்மா. எடம் அடைச்சது."

மாமா அச்சகத்தில் பிழை திருத்துபவராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். முதல் புத்தகம் அச்சாகும்போது ஒரு பக்கத்தின் அடியில் வெற்றிடம் விழுந்திருக்கிறது. அச்சுக் கோப்பவரை எல்லோரும் மீசை என்பார்கள். "கவிஞரே, கீழ பொக்கை வாய் மாதிரி இருக்கு. டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு வரி குடுங்க," என்றாராம் மீசை. மாமா நின்றபடியே ஒரு புரூப் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். டீ ஆறவில்லை.

ஊருக்கு மனப்பாடமானது அந்த இரண்டு வரிதான். பாடப் புத்தகத்திலும் ஏறியது. அவருடைய தம்பி, என் சின்ன மாமா, பட்டாளத்துக்குப் போன அன்று வீட்டில் வைத்துவிட்டுப் போன கடிதம் அந்த வரிகளில்தான் தொடங்கியது. அவர் திரும்பி வரவில்லை.

"ஒரு பிழை இல்லாம எழுதியிருந்தான்," என்றார் மாமா. "எனக்குத் திருத்த ஒண்ணுமில்ல."

நாட்டின் மீது வெறுப்பா என்று கேட்டேன். இந்தத் தெருவை விட்டு இரண்டு நாள் வெளியே இருந்தால் தனக்குத் தூக்கம் வராது என்றார். "நேசிக்கத் தெரிஞ்சுது. சொல்றப்போ அடுத்தவன் உயிர எடுத்து நீட்டிட்டேன்."

வரிகளை நீக்கச் சொல்லி பாடநூல் குழுவுக்கு மூன்று முறை எழுதியிருக்கிறார். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. அவருடைய தன்னடக்கத்தைப் பாராட்டியிருந்தார்கள். வருடந்தோறும் பள்ளி விழா மேடையில் அவரை உட்கார வைத்துப் பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள். அவர் தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைப்பார். கவிஞர் நாட்டை நினைத்து உருகுகிறார் என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் சொல்வார். மாமா மறுத்ததில்லை.

அவர் படுத்த படுக்கையான பிறகு, தட்டச்சு செய்த தாள்களைக் கொண்டுபோனேன். அந்த மொழி அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கவிதையை எடுத்துத் தரச் சொல்லி, விரலால் வரிகளை எண்ணினார். கடைசி இரண்டில் விரல் நின்றது.

"இங்க எல்லார் வாயிலயும் ஏறிடுச்சு, இனிமே எடுக்க முடியாது. அங்க இன்னும் யாருக்கும் தெரியாதுல்ல? அந்த எடத்தக் காலியா விட்டுடும்மா. யாராவது கேட்டா, அதுக்கு மேல அவருக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."