ஒன்பது மணி விதி

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் விழும் வாரங்களில் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் மதியம் இரண்டு மணி வரை சத்தம் கூடாது. அம்மா குக்கரை எடுக்கவே மாட்டார். சோற்றைப் பானையில் வடிப்பார். காலிங் பெல்லின் ஒயரை அக்கா கழற்றி வைப்பாள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஒட்டி ஜாயிண்ட் போடும் வேலை. தூக்கம் கெட்ட ஆள் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

இந்த ஏற்பாட்டில் என் பங்காக நானும் ஒன்று செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் வருஷம், செமஸ்டர் லீவு. வீட்டு வைஃபை ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தவள் மூன்று நாள் அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டில் இணையத்தோடு சேரும் ஒவ்வொரு கருவியும் ரௌட்டரிடம் ஒரு முகவரியைச் சொல்லித்தான் உள்ளே வருகிறது. அந்த முகவரியை வைத்து யாரை விடலாம், யாரை நிறுத்தலாம், எந்த நேரத்தில் நிறுத்தலாம் என்று விதி எழுதலாம். இது தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியுமா? அப்பாவின் ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒரு விதி எழுதினேன். நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை, பட்டியலில் இருக்கும் முகவரிகளைத் தவிர யாருக்கும் இணையம் கிடையாது. அம்மா வைஃபையில் சத்தம் குறைத்துப் பார்க்கும் டிவி சீரியல் ஓடாது. அம்மாவின் ரீல்ஸ் ஓடாது. நியாயம் என்றால் நியாயமாக இருக்கட்டும் என்று என் போனையும் வெளியே தள்ளினேன். பட்டியலில் இருந்தவை இரண்டு: என் லேப்டாப், அப்பாவின் போன். வீட்டுக்குள் சிக்னல் சுமார் என்பதால் சுரங்கத்தின் செக்‌ஷனிலிருந்து அப்பாவை வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார்கள்.

கை ஊறி இன்னும் சில குட்டி விதிகளும் சேர்த்தேன். இன்னொன்றும் செய்தேன். அந்த செட்டிங்ஸ் பக்கம் என் லேப்டாப்பிலிருந்து மட்டுமே திறக்கும்படி பூட்டினேன். வேறு எதிலிருந்து போனாலும் கதவு சாத்தியிருக்கும். அதைச் செய்துவிட்டு எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

அக்கா பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. குள்ளஞ்சாவடியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே கம்பெனி கம்பெனியாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் மிகவும் ஆசைப்பட்ட கம்பெனி ஒன்று, சென்னையில். படித்து முடித்து இரண்டு வருஷத்துக்குள் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். அக்காவுக்கு இந்தப் பரீட்சைதான் கடைசி. இதற்கடுத்த முறை அவள் விண்ணப்பமே போட முடியாது.

பரீட்சை வீட்டிலிருந்தே, காலை எட்டரையிலிருந்து பத்து வரை. அவள் லேப்டாப்பின் கேமரா செத்துவிட்டதால் என்னுடையதைக் கொடுத்தேன். பரீட்சை மென்பொருள் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேறு ஜன்னலைத் திறந்தால் அவுட். பேசினால் அவுட். இன்னொரு முகம் தெரிந்தால் அவுட். பக்கவாட்டில் ஒரு போனை இரண்டாவது கேமராவாக வைக்க வேண்டும். லேப்டாப்பும் போனும் ஒரே இணைய இணைப்பில் இருக்க வேண்டும். அதற்காக வீட்டில் கிடந்த சிம் இல்லாத பழைய போனை எடுத்தாள். முந்தைய நாள் சாயங்காலமே அதன் முகவரியை என் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

எட்டரைக்கு ஆரம்பித்தாள். அறைக் கதவோரம் ஸ்டூலில் போன் நின்றது. அதன் திரை ஹாலைப் பார்த்தபடி இருந்தது. நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து காவல் காத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த அறையில் அப்பா.

சரியாக ஒன்பதுக்கு, போன் திரையில் தெரிந்த அக்காவின் முதுகு அசையாமல் நின்றது. ஒரு வட்டம் சுழன்றது. பிறகு எழுத்து வந்தது: இரண்டாவது கேமரா துண்டிக்கப்பட்டது, பத்து நிமிடத்துக்குள் இணைக்கவும், இல்லையேல் பரீட்சை ரத்து. கீழே எண்கள் இறங்கத் தொடங்கின. 9:58. 9:57.

உள்ளே அக்கா இருமினாள். ஏதாவது ஆனால் இருமுவதாகத்தான் பேச்சு.

கேமரா கண்ணில் படாமல் கையை மட்டும் நீட்டிப் போனை எடுத்தேன். வைஃபை இருக்கிறது. இணையம் இல்லை. என் விதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதைத்தான் பட்டியலில் சேர்த்தேனே? முகப்பைப் பார்த்ததும் விளங்கியது. திரையில் பழைய படங்கள் இல்லை, போனோடு வந்ததைத் தவிர ஒரு ஆப் கூட இல்லை. பரீட்சையின்போது எதுவும் ஒலிக்கக் கூடாது என்று அக்கா விடியற்காலை அந்தப் போனை முழுசாக அழித்துப் புதிதாக்கியிருக்கிறாள். அப்படி அழித்தால் இந்தக் காலத்துப் போன்கள் வைஃபையிடம் வேறொரு முகவரியைச் சொல்லிக்கொண்டு வரும். நான் அனுமதித்த முகவரி நேற்றோடு போய்விட்டது. ரௌட்டருக்கு இது யாரோ.

விதியை நிறுத்த இரண்டு க்ளிக் போதும். அந்த இரண்டு க்ளிக்கையும் என் லேப்டாப்பில்தான் செய்ய வேண்டும். என் லேப்டாப்பில் அக்கா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

8:40.

"என்னாடி?" என்றார் அம்மா, கீரையோடு எழுந்து வந்து, உதட்டை மட்டும் அசைத்து.

"போனுக்கு நெட்டு போச்சும்மா."

"உன் போன்ல இருந்து குடேன். அன்னிக்குக் குடுத்தியே, ஆட்சுபாட்டு."

"ரெண்டும் ஒரே கனெக்‌ஷன்ல இருக்கணுமாம்மா. வேற நெட்டுன்னா ஒத்துக்காது."

"அப்ப அந்தப் பொட்டிய ஒரு தபா அணைச்சிப் போடு."

ரௌட்டரை அணைத்தால் லேப்டாப்பும் அறுந்துவிடும். ஊசியால் ரீசெட் செய்தால் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் போய்விடும். என் போனுக்கு லேப்டாப்பின் முகவரியைத் திருடிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரே முகவரியை இரண்டு பேர் சொன்னால் இரண்டுமே தடுமாறும். பரீட்சை அதிலேயே முடிந்துவிடும். ஆறு வழி யோசித்தேன், ஆறையும் நானே முன்கூட்டி அடைத்து வைத்திருந்தேன்.

7:05. அக்கா மறுபடி இருமினாள். இந்த முறை கொஞ்சம் நீளமாக.

பட்டியலில் மீதி இருந்தது அப்பாவின் போன்.

"அம்மா, அப்பா போன் வேணும்."

அம்மாவின் முகம் மாறியது. "தலவாணிக்கு அடியில வச்சிக்கினு படுத்துக்கினு இருக்காரு. மூணு ஜாயிண்ட்டு போட்டுட்டு வந்துருக்காரு ராவு முச்சூடும். எழுப்பாத, சொல்லிட்டேன்."

"எழுப்ப மாட்டேன்."

அறைக்குள் இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கு அம்மா போர்வை கட்டியிருந்தார். அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையணைக்கு அடியில் விரல்களை விட்டுப் போனை ஒரு இழை ஒரு இழையாக இழுத்தேன். வந்துவிட்டது. பூட்டியிருந்தது. எண் கேட்டது, எனக்குத் தெரியாது. கைரேகை கேட்டது. அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. ஆள்காட்டி விரலை மெல்லத் தூக்கிப் போனில் வைத்தேன். போன் அதிர்ந்து மறுத்தது. கட்டை விரலை வைத்தேன். மறுத்தது. ரப்பரும் சொல்யூஷன் பசையும் பட்டுப்பட்டு அந்த விரல்களில் ரேகை என்று சொல்ல எதுவும் இல்லை. மறுபடி ஆள்காட்டி. மறுத்தது. இன்னும் இரண்டு தடவைதான். அப்புறம் போன் அரை நிமிடம் பேசாது.

"அந்த வெரல் இல்ல பாப்பா. மோதர வெரல்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அவரே மோதிர விரலை நீட்டினார். திறந்தது.

4:10. கதவோரம் மண்டியிட்டுப் போனைத் தரையில் வழுக்கிவிட்டேன். அக்கா கீழே குனியாமல் காலால் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை. லேப்டாப் திரையில் இருந்த க்யூஆர் கட்டத்தை அதில் ஸ்கேன் செய்தாள், வட்டம் சுழன்றது, சுழன்றது, நின்றது. ஸ்டூலில் போனை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் திரையில் அவள் முதுகு தெரிந்தது. எண்கள் 2:31-இல் நின்றன.

பின்னால் அப்பா லுங்கியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "யாருனா எனக்கு அடிச்சா?" என்றார் கிசுகிசுப்பாக.

நான் அதை யோசிக்கவே இல்லை. கூப்பிட்டால் கேமரா நின்றுவிடும். இனி அந்தப் போனைத் தொடவும் முடியாது. அப்பா என் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வாசல் பலாமரத்தடிக்கு வெறுங்காலோடு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். செக்‌ஷன் அதிகாரியின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினார்.

"சார், வணக்கங்க. பத்து மணி வரிக்கும் என் நம்பருக்கு யாரும் அடிக்க வாணாம்னு நம்ம பசங்க கிட்ட சொல்லிடுங்க... இல்லீங்க, வூட்ல ஒண்ணும் இல்லீங்க. பெரிய பொண்ணு பரீச்ச எழுதிக்கினு இருக்குது. என் போனத்தான் காவலுக்கு வச்சிருக்குது... ஆங், சரிங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "தூக்கத்தைக் கெடுத்துட்டேனாப்பா?" என்றேன்.

"எங்க தூங்குனேன்? பெல்ட்டு சத்தத்துலியே கெடந்த ஆளு. வூடு இப்படிக் கம்முனு இருந்தா தூக்கமா வரும்? முன்னல்லாம் உங்கம்மா டிவி சன்னமா ஓடும், அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். இப்ப ரெண்டு மாசமா ஒம்போது ஆனா முழிப்பு வந்துடுது."

இரண்டு மாதம். என் விதிக்கும் அதே வயது.

பத்து மணிக்கு அக்கா வெளியே வந்தாள். கேமரா இல்லாத நேரம் கேள்வி மறைந்துவிடுமாம், கடிகாரம் மட்டும் ஓடுமாம். ஏழரை நிமிடம் போய்விட்டது. ஐந்து கேள்வி தொடவே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"நெட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சுக்கா." வாயில் தானாக வந்தது.

"வரட்டும் அந்தக் கனெக்‌ஷன் குடுத்த ஆளு" என்றார் அம்மா. "மாசம் பொறந்தா மட்டும் கரெக்டா வந்து நிக்கிறான்."

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இரண்டாவது கேமரா நின்றதற்கான காரணத்தை ஆதாரத்தோடு அன்றே மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் விடைகள் திருத்தப்படாது. அக்கா அதை மூன்று தடவை படித்தாள்.

"கரண்ட் போச்சுன்னு போட்டு வுடு" என்றார் அம்மா.

"நெய்வேலியில கரண்ட் போச்சுன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா. நெட் போச்சுன்னே எழுதறேன். ஏய், கனெக்‌ஷன் ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்க முடியுமா?"

நெட் போகவில்லை. அதே இணைப்பில் லேப்டாப் ஒரு நொடிகூட அறாமல் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது, அது அவர்களிடம் பதிவாகியிருக்கும். நெட் போச்சு என்று எழுதினால் அது பொய் என்று அவர்களுக்கு அந்த நிமிடமே தெரியும். அக்காவின் கடைசி வாய்ப்பு என் பொய்யால் போகும், அவள் பெயரில்.

"அக்கா, நெட் போகல. நான்தான் நிறுத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, பட்டியல், பூட்டு, எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என் போன் எப்ப வேலை செய்யணும்னு நீ முடிவு பண்ணியா?"

"அப்பா தூங்கறதுக்காக..."

"அப்பாவக் கேட்டியா? எங்க யாரையாவது கேட்டியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன அழிக்காம இருந்திருப்பேனேடி." "நேத்துகூடச் சொல்லல நீ."

அம்மா கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரீல்ஸ் ஏன் ஓடவில்லை என்று இரண்டு மாதமாகப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தவர் அவர். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ரௌட்டர் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். லேப்டாப்பில் அந்தப் பதிவைத் திறந்தேன். சரியாக ஒன்பது மணி: நேர விதி அமலுக்கு வந்தது. அதே நொடி: அறியாத கருவி ஒன்று தடுக்கப்பட்டது. ஏழரை நிமிடம் கழித்து: அப்பாவின் போன் பரீட்சைத் தளத்துக்குள் போனது. நடுவில் முழுக்க என் லேப்டாப், தடையில்லாமல். நான் செய்த தப்பு நொடி பிசகாமல் அங்கே இருந்தது. அக்கா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இதையே அனுப்பலாம். நீ எழுது."

'தானியங்கிப் பாதுகாப்பு நடைமுறை ஒன்றின் காரணமாக' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"நடைமுறையா? அது தானா வந்து உக்காந்துச்சா? 'நான் போட்டேன்'னு எழுது. 'வீட்டுல யாருக்கும் தெரியாது'ன்னு எழுது."

எழுதினேன். கீழே என் கையெழுத்து, என் கல்லூரி அடையாள அட்டையின் படம். நாலு இருபதுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு மெயில் பெட்டியை எத்தனை தடவை திறந்தேன் என்று தெரியாது. அன்று பதில் வரவில்லை. அப்பா சாயங்காலம் எழுந்து வந்து விஷயம் கேட்டார். திட்டவில்லை. டிவியைப் போட்டு சத்தத்தை ஏற்றினார்.

பதில் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தது. இரண்டே வரி: விளக்கமும் பதிவும் ஏற்கப்பட்டன, விடைகள் திருத்தப்படும். அதற்கடுத்த வாரம் தேர்வானவர்கள் பட்டியலில் அக்காவின் பதிவு எண் கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தது. தொட முடியாத ஐந்து கேள்விகளோடு இன்னும் இரண்டு போயிருந்தால் இருந்திருக்காது. இண்டர்வியூவும் வீட்டிலிருந்து, வீடியோவில்தான்.

அதற்கு முதல் நாள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொற அந்தப் பக்கத்த."

விதி ஒவ்வொன்றையும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும், "இது யாருக்காக?" என்றாள். முதல் இரண்டுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதில் திணறினேன்.

"அழி" என்றாள்.

அழித்தேன். அடுத்ததற்குப் போனோம்.